கண்ணாடிச் சுவரும் கருத்துநிலையும்: றொக்கபெல்லர் நிலையத்தின் வார்ப்புக் கண்ணாடிப் புடைப்புச் சிற்பங்கள் பற்றிய ஒரு நோக்கு

1

கலையாக்கமொன்று எவ்வளவு காலம் நிலைத்திருக்கும் என்ற வினா எழுமிடத்து, அஃது எப்பொருளாற் செய்யப்பட்டது என்பதையே நாம் முதலிற் கேட்கிறோம். மரத்தினுங் கல் நீடிக்கும், சுதையினும் வெண்கலம் நீடிக்கும் என்பது பொது அனுபவம். ஆயின் இவ்வினாவுக்குப் பொருளியல்பு மாத்திரமே விடையாகுமா என்பது ஆராயத்தக்கது. சோழர் காலத்து நிலக்கொடைச் சாசனங்களைப் பயின்றோர் 'சந்திராதித்தவரை' என்ற தொடரை நன்கறிவர். சந்திரனும் சூரியனும் உள்ளவரை இக்கொடை செல்லும் என்ற அவ்வுறுதிமொழி, கல்லின் வலிமையைக் கணித்து எழுதப்பட்டதன்று. தமது நிலவுறவுகள் என்றும் மாறா என ஆளும் வர்க்கம் கொண்டிருந்த நம்பிக்கையின் வெளிப்பாடு அது. அவ்வாறு கல்லில் வெட்டிய பின்னரும் ஓம்படைக்கிளவியைச் சேர்க்க வேண்டியிருந்தமை, கல் தனித்து நின்று தன்னைக் காத்துக்கொள்ளாது என்பதை வெட்டுவித்தோரே அறிந்திருந்தனர் என்பதற்குச் சான்று.

இருபதாம் நூற்றாண்டின் முதலாளித்துவமும் தனக்கெனச் சில சாசனங்களை வெட்டுவித்தது. அவற்றுட் சில கண்ணாடியில் வார்க்கப்பட்டு, ஒளியூட்டப்பட்டு, மாநகரத்து வாயில்களின் மேற் பதிக்கப்பட்டன. நியூ யோர்க் நகரின் றொக்கபெல்லர் நிலையத்தில் 1933க்கும் 1936க்கும் இடையில் நிறுவப்பட்ட மூன்று வார்ப்புக் கண்ணாடிப் படைப்புகளே இக்கட்டுரையின் ஆய்வுப் பொருளாகும். அவற்றுள் இரண்டு ஒரே சிற்பியின் ஆக்கம், ஒரே பொருளாலானவை, அளவிலும் பெரிதும் ஒத்தவை. ஒன்று இன்றும் தன் இடத்தில் உள்ளது. மற்றையது ஆறாண்டு கழிந்த அளவில் பலகைகளால் மூடப்பட்டது. பொருள் ஒன்றாயிருக்க, ஆயுள் வேறானமைக்குக் காரணம் யாது என்பதே நம் முன்னுள்ள பிரச்சினை.

2

கலை விமரிசகர் பலர் கண்ணாடியின் அழகினைப் பற்றி எழுதிய அளவுக்கு அதன் உற்பத்தியைப் பற்றி எழுதினாரல்லர். எனவே அதனைச் சற்று விரிவாக நோக்குதல் வேண்டும்.

சாதாரணக் கண்ணாடி திடீர் வெப்பமாற்றத்தைத் தாங்காது. ஒரு பக்கம் சூடேறி விரிய, மறுபக்கம் குளிர்ந்தபடி நிற்குமாயின் அது வெடிக்கும். பனிபொழியும் நகரில், பின்புறம் மின்விளக்குகளின் சூட்டையும் முன்புறம் மாரிகாலக் குளிரையும் ஒருசேர ஏற்க வேண்டிய சுவர்ச் சிற்பத்துக்கு அத்தகைய கண்ணாடி உதவாது. இதற்கான தீர்வு கலையுலகிலிருந்து வரவில்லை. ஜெர்மனியின் யேனா நகரில் ஒட்டோ ஷொட் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் விஞ்ஞானக் கருவிகளுக்கென உருவாக்கிய போரோசிலிக்கேற்றுக் கண்ணாடியும், அமெரிக்காவின் கோர்ணிங் கண்ணாடித் தொழிற்சாலை புகையிரத சமிக்ஞை விளக்குகளுக்கென உருவாக்கிய கண்ணாடியுமே இதன் முன்னோடிகள். எரியும் விளக்கின் மீது மழையும் பனியும் பட்டுக் கண்ணாடி உடையுமாயின், புகையிரதச் சாரதி சமிக்ஞையைத் தவறவிடுவான். ஆக, இக்கண்ணாடியின் தோற்றுவாய் போக்குவரத்து மூலதனத்தின் தேவையில் இருந்தது. கோர்ணிங்கின் பௌதிகவியலாளரான ஜெசி லிற்றில்ற்றனின் மனைவி, அறுத்தெடுத்த மின்கலச் சாடியொன்றின் அடிப்பாகத்திற் கேக் வேகவைத்துப் பார்த்ததன் பின்னரே அது சமையலறைக்குட் புகுந்தது. பைரெக்ஸ் என்ற பெயருடன் 1915இல் அது சந்தைக்கு வந்தது. புகையிரதப் பாதையிலிருந்து அடுப்படிக்கும், அடுப்படியிலிருந்து வானளாவியின் வாயிலுக்கும் சென்ற இப்பயணம், கலையின் மூலப்பொருள்கள் எங்கிருந்து பிறக்கின்றன என்பதை எந்த அழகியற் கோட்பாட்டினும் தெளிவாக உணர்த்தும்.

பைரெக்ஸ் கண்ணாடியில் ஏறத்தாழ 80 வீதம் சிலிக்கா. ஏறத்தாழ 13 வீதம் போரன் ஒட்சைட்டு. காரப்பொருள் குறைவாகையால் மழைநீரும் அதனை எளிதில் அரிக்காது. ஒரு பாகை செல்சியசுக்கு அது விரியும் அளவு, தன் நீளத்தில் பத்து இலட்சத்தில் 3.3 பங்கு, சாதாரணக் கண்ணாடியின் விரிவு இதன் மும்மடங்குக்குச் சற்றுக் குறைவு. உருக்கோ பத்து இலட்சத்தில் ஏறத்தாழ 12 பங்கு விரியும். இவ்வெண்களைச் சிற்பத்தோடு பொருத்திப் பார்க்கலாம். 16 அடி உயரமான சிற்பமொன்று மாரிகாலக் குளிருக்கும் கோடை வெயிலுக்கும் இடையில் 50 பாகை மாற்றத்துக்கு உட்படுமாயின், கண்ணாடி முக்கால் மில்லிமீற்றரளவு நீளும். அதனைத் தாங்கும் உருக்குச் சட்டமோ மூன்று மில்லிமீற்றரளவு நீளும். இரண்டையும் இறுகப் பிணைத்தால் உலோகத்தின் அசைவே கண்ணாடியைப் பிளந்துவிடும். ஆகவேதான் இத்தகைய சுவர்கள் ஒரே பாளமாக வார்க்கப்படாது, துண்டு துண்டாக வார்க்கப்பட்டு, இடையில் நெகிழ்ச்சி கொடுத்து அடுக்கப்படுகின்றன. நீண்டகாலம் நிற்க வேண்டுமாயின் சிறிது அசைய இடமிருத்தல் வேண்டும் என்பது இங்கு வெறும் பௌதிகவியல் உண்மை.

வார்த்தலினும் கடினமானது குளிர்வித்தல். உருகிய கண்ணாடியின் புறம் முதலில் இறுகும்; அகம் பின்னர் இறுகிச் சுருங்கும். இவ்வேறுபாட்டினால் உள்ளே தேங்கும் தகைப்பு, மாதங்கள் கழித்தும் பாளத்தை உடைக்கவல்லது. எனவே உலையின் வெப்பத்தைப் படிப்படியாக, நாட்கணக்கிற் குறைக்க வேண்டும். தடிப்புக் கூடுந்தோறும் காலமும் கூடும். இதே கோர்ணிங்கில், இதே ஆண்டுகளில், பலோமார் மலைத் தொலைநோக்கியின் 200 அங்குலக் கண்ணாடித்தட்டு வார்க்கப்பட்டது. 1934 மார்ச்சில் நிகழ்ந்த முதல் வார்ப்பில், அச்சின் உட்கட்டைகள் கழன்று உருகிய குழம்பில் மிதந்தன. அவ்வாண்டு டிசெம்பரில் வார்க்கப்பட்ட இரண்டாவது தட்டு, இடையில் வந்த வெள்ளப்பெருக்கையும் தாண்டிப் பத்து மாதம் குளிர்விக்கப்பட்டது. அத்தொலைநோக்கிக்கான 60 இலட்சம் டொலர் 1928இல் றொக்கபெல்லர் நிதியத்தின் வழியே வந்ததென்பதும் இங்கு மனங்கொள்ளத்தக்கது. வானத்தை நோக்கிய கண்ணாடிக்கும் வாயிலின் மேலுள்ள கண்ணாடிக்கும் உலையும் ஒன்றே, பணப்பையும் ஒன்றே.

சிற்ப வார்ப்பினை மேற்பார்வை செய்தவர் பிரெடெரிக் கார்டர். 1863இற் பிறந்து, இங்கிலாந்தின் ஸ்ரூர்பிரிட்ஜ் பகுதியிற் கண்ணாடித் தொழில் பயின்று, 1903இற் கோர்ணிங்குக்கு வந்து, ஸ்ரூபென் என்ற கலைக்கண்ணாடித் தொழிலகத்தை நிறுவியவர். அத்தொழிலகம் 1918இற் பெரிய நிறுவனத்தால் விழுங்கப்பட்டது. 1930களின் தொடக்கத்தில் அதன் நெறியாண்மையும் அவர் கையைவிட்டு அகன்றது. தொழிலகத்தை இழந்த எழுபது வயதுக் கைவினைஞர் ஒருவரின் அறிவே இச்சுவர்களில் வார்க்கப்பட்டுள்ளது எனலாம். ஆயினும் அவரையேனும் வரலாறு பெயர் சொல்லி நினைவுகூர்கிறது. களிமண் மாதிரியைச் சாந்தில் எடுத்தோர், அதனைத் துண்டாக்கியோர், அச்சமைத்தோர், உலை முன் நின்று ஊற்றியோர், உயரத்தில் ஏறிப் பதித்தோர் ஆகியோரின் பெயர்கள் எவ்வாயிலிலும் இல்லை.

ஒளியின் தொழிற்பாட்டைப் பற்றியும் ஒரு சொல். கற்புடைப்பில் ஒளி புறத்திருந்து விழ, நிழலே உருவத்தைத் தரும். பின்னொளி பெறும் கண்ணாடியில் இம்முறை மாறுகிறது. தட்டையான பகுதிகள் ஒளியை நேரே விடுகின்றன. சரிவான விளிம்புகள் அதனைப் பக்கவாட்டில் முறித்துவிட, கோடுகள் கருமையாகத் தெரிகின்றன. உள்ளே சிக்கிய காற்றுக்குமிழ்கள் ஒளியைச் சிதறடிக்கின்றன. எனவே பகலிற் பார்க்கும் உருவமும் இரவிற் பார்க்கும் உருவமும் முற்றிலும் ஒன்றாவதில்லை. அரசியலிலும் இவ்வுருவங்கள் இருவகையாகப் படிக்கப்பட்டன என்பதைப் பின்னர் காண்போம்.

3

றொக்கபெல்லர் நிலையம் நெருக்கடியின் குழந்தை. 1928இல் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் நிலத்தைக் குத்தகைக்குப் பெற்ற இளைய ஜோன் டி. றொக்கபெல்லர், அங்கு இசைநாடக அரங்கொன்றை நடுவாகக் கொண்ட திட்டத்தையே எண்ணியிருந்தார். 1929 ஒக்தோபர் வீழ்ச்சியின் பின் இசைநாடக நிறுவனம் விலகியது. குத்தகைச் சுமை மட்டும் எஞ்சியது. வானொலிக் கூட்டுத்தாபனமாகிய ஆர்.சி.ஏ. முதன்மைக் குடியிருப்பாளராயிற்று. தொழிலாளரில் ஏறக்குறைய நால்வருக்கு ஒருவர் வேலையிழந்திருந்த 1933ஆம் ஆண்டில் அதன் 70 மாடிக் கட்டடம் திறக்கப்பட்டது. ஆட்குறைவான கட்டடங்களுக்குக் குடியிருப்பாளரைக் கவர வேண்டியிருந்த சூழலிலேயே, நாகரிகத்தின் முன்னேற்றம் என்ற கருப்பொருளில் விரிவான கலைத்திட்டமொன்று வகுக்கப்பட்டது. வாடகையும் தத்துவமும் ஒரே கணக்கேட்டில் எழுதப்பட்டன.

அக்கட்டடத்தின் முதன்மை வாயிலின் மேல் லீ லோரியின் 'ஞானம்' அமைந்துள்ளது. கல்லிற் செதுக்கிய தாடியுடைய முதியவர் ஒருவர், முகில்களை விலக்கிக் கீழ்நோக்கிக் கவராயத்தை நீட்டுகிறார். அக்கவராயம் தொடுமிடத்தில் 15 அடி உயரமும் 55 அடி நீளமும் கொண்ட வார்ப்புக் கண்ணாடித் திரை விரிகிறது. 240 கண்ணாடிக் கட்டிகளாலானது அது. ஒளியினதும் ஒலியினதும் அலைகளை அத்திரை உருவகிக்கிறது. வானொலி நிறுவனத்தின் வாயிலில் ஒலியலைகள் பிரபஞ்ச ஞானமாக உயர்த்தப்படுவதை விளக்க அதிக நுட்பம் தேவையில்லை. பண்டம் தன்னைத் தத்துவமாக அலங்கரித்துக் கொள்கிறது.

இலக்கிய மாணவருக்கு இங்கு வேறொரு செய்தியும் உண்டு. முகிலிடை நின்று கவராயம் நீட்டும் இம்முதியவரின் மூலவடிவம், வில்லியம் பிளேக் 1794இல் வெளியிட்ட ஓவியமே என்பதைக் கண்டோர் எவரும் உணர்வர். ஆயின் பிளேக்கின் புராணவுலகில் அவ்வுருவம் யூரிசன். அளந்து, வரையறுத்து, சட்டமிட்டு, மனிதனின் கற்பனையைச் சிறைப்படுத்தும் கொடுங்கோன்மையான பகுத்தறிவின் உரு. கைத்தொழிற் புரட்சியின் ஆலைகளை வெறுத்த கவிஞன் ஒடுக்குமுறையின் சின்னமாகப் படைத்த முதியவனை, ஏகபோக மூலதனம் தன் வாயிலில் 'ஞானம்' எனப் பெயரிட்டு அமர்த்திக்கொண்டது. வடிவம் பெயர்ந்தது; பொருள் தலைகீழாயிற்று. இத்தகைய கைமாற்றங்களுக்கு இலக்கிய வரலாற்றில் உதாரணம் பலவுண்டாயினும், இத்துணை வெளிப்படையானது அரிது.

அக்கண்ணாடியின் கீழாக நுழைந்தால் எதிர்ப்படும் உட்சுவரில், 1933 வசந்தத்தில் மெக்சிக்கோ ஓவியர் டியேகோ ரிவேரா வரைந்துகொண்டிருந்தார். ஓவியத்தில் லெனினின் முகம் இடம்பெற்றது. அதனை மாற்றுமாறு நெல்சன் றொக்கபெல்லர் மே மாதத் தொடக்கத்திற் கடிதம் எழுதினார், ரிவேரா மறுத்தார். சில நாட்களில் அவருக்குரிய முழுத்தொகையான 21,000 டொலரின் மீதி கையளிக்கப்பட்டு வேலை நிறுத்தப்பட்டது. ஓவியம் திரையிட்டு மறைக்கப்பட்டு, 1934 பெப்ருவரியில் இரவோடிரவாகச் சுவரிலிருந்து கொத்தி அகற்றப்பட்டது. கூலி முழுமையாகக் கொடுக்கப்பட்டது என்பதே இங்கு முக்கியம். வாங்கிய பண்டத்தை உடைக்கும் உரிமை வாங்கியவனுக்கு உண்டு என்ற சொத்துடைமை நியதி அதன் தூய வடிவில் நிறைவேறியது.

பொதுவாக இவ்வரலாறு இத்துடன் முடிக்கப்படுகிறது: புரட்சியின் சாந்து உடைந்தது, மூலதனத்தின் கண்ணாடி நின்றது. இவ்வெளிய முடிவு நமக்கு உவப்பானதாயினும் உண்மையன்று. ஐந்தாம் அவெனியூப் பக்கத்தில் நிகழ்ந்ததை நோக்கின் இது புலனாகும்.

4

பொருளாதார மந்தத்தின் மத்தியில் நிலையத்தின் உரிமையாளர் வெளிநாடுகளைக் குடியிருப்பாளராக்க முனைந்தனர். பிரித்தானியப் பேரரசுக்கும் பிரான்சுக்கும் ஒவ்வொரு சிறு கட்டடம் எழுந்தது. அடுத்து இத்தாலிக்கும் ஜெர்மனிக்கும் திட்டமிடப்பட்டது. 1933இல் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தபின் ஜெர்மன் கட்டடத் திட்டம் கைவிடப்பட, அவ்விடம் சர்வதேசக் கட்டடத்தின் வடபகுதியாயிற்று. முசோலினியின் இத்தாலி குறித்து அத்தகைய தயக்கம் காட்டப்படவில்லை. 'இத்தாலிய மாளிகை' 1935இல் எழுந்தது.

இவ்விரு வாயில்களுக்கும் கண்ணாடிப் புடைப்பு அமைக்கும் பணி அற்றிலியோ பிச்சிரில்லியிடம் ஒப்படைக்கப்பட்டது. 1866இல் இத்தாலியின் மஸ்ஸாவிற் பிறந்து, 1888இற் குடும்பத்தோடு குடிபெயர்ந்த சலவைக்கற் சிற்பி அவர். புரொங்ஸ் பகுதியில் இயங்கிய பிச்சிரில்லி சகோதரரின் கூடமே வாஷிங்டனில் டானியல் செஸ்டர் ஃபிரெஞ்சின் லிங்கன் சிலையை 28 சலவைக்கற் பாளங்களிற் செதுக்கியது. நியூ யோர்க் பொதுநூலக வாயிலின் இரு சிங்கங்களும் அவர்கள் உளிக்குரியவையே. அவ்வாக்கங்கள் அனைத்தும் வடிவமைத்தவர் பெயரால் வழங்க, செதுக்கிய கைகள் நெடுங்காலம் பின்னணியில் நின்றன. பாளங்களை இணைத்துப் பெருவுருச் சமைக்கும் நுட்பத்தை அவ்வுழைப்பிற் கற்றவரே, எழுபதை அணுகும் வயதிற் கண்ணாடிக் கட்டிகளை இணைக்கத் துணிந்தார்.

இத்தாலிய வாயிலுக்கான சிற்பம் 16 அடி உயரம், 10 அடி அகலம். 45 பைரெக்ஸ் கட்டிகள். மண்வெட்டி ஏந்திய கட்டுடல் தொழிலாளி ஒருவன் அதில் நிலத்தை அகழ்கிறான். அவனைச் சுற்றி இத்தாலிய மொழியில் இரு வாசகங்கள். ஒன்று, கலையே உழைப்பு, உழைப்பே கலை என்னும் பொருள்படுவது. மற்றையது, என்றும் முன்னேறுக நித்திய இளமையே என்னும் பொருள்படுவது.

முதல் வாசகத்தைத் தனித்துப் படிப்போர், அது சோஷலிச எழுத்தாளர் சங்கமொன்றின் பதாகையில் இருந்து பெயர்த்தெடுக்கப்பட்டதென மயங்கக்கூடும். வில்லியம் மொறிஸ் முதலியோரின் சிந்தனைக்கு அது அந்நியமானதன்று. ஆயின் வாசகங்கள் தனித்துப் பொருள் தருவனவல்ல. யாருடைய வாயிலில், எந்த அரசின் பெயரால் அது பொறிக்கப்பட்டது என்பதை விடுத்து அதனைப் படிக்க இயலாது. 1926ஆம் ஆண்டுச் சட்டத்தினால் வேலைநிறுத்தத்தைக் குற்றமாக்கி, சுயாதீனத் தொழிற்சங்கங்களை ஒழித்து, 1927இல் 'உழைப்புச் சாசனம்' ஒன்றையும் வெளியிட்ட அரசு அது. உழைப்பவனின் குரலைப் பறித்தபின், அவன் தசைகளைப் புகழ்வது பாசிசத்தின் இயல்பு. உழைப்பைக் கலையென உயர்த்துமிடத்தில் கூலி என்ற சொல் மறைந்துவிடுகிறது. இரண்டாவது வாசகத்திலுள்ள 'இளமை' என்ற சொல்லோ இன்னும் வெளிப்படையானது: பாசிசக் கட்சியின் அதிகாரபூர்வ கீதத்தின் பெயரே அதுதான். சிற்பம் நிறுவப்பட்ட 1935ஆம் ஆண்டின் ஒக்தோபரில் இத்தாலியப் படை எதியோப்பியாவுக்குட் புகுந்தது.

1936இல் அண்டைக் கட்டடத்தின் வாயிலில் நிறுவப்பட்ட 'கைத்தொழிலை வழிநடத்தும் இளமை' என்னும் சிற்பமும் பைரெக்ஸ் வார்ப்பே, அளவும் அத்தகையதே. குதிரைகளைப் பிடித்துச் செல்லும் தேரோட்டிக்கு இளைஞனொருவன் வழிகாட்டுகிறான். அதே திரண்ட தசை, அதே முன்னோக்கிய பாய்ச்சல், அதே இளமை வழிபாடு. சிற்பமொழியை மட்டும் எடுத்துக்கொண்டால், ஒன்றைப் பாசிசமென்றும் மற்றையதைச் சுதந்திர வணிகமென்றும் பிரிப்பது எளிதன்று. 1930களின் பெருமூலதனத்துக்கும் பாசிசத்துக்கும் கற்பனையுலகில் எத்துணை நெருக்கம் இருந்தது என்பதற்கு இவ்வொற்றுமை போதிய சான்று.

1941 டிசெம்பரில் பேள் துறைமுகத் தாக்குதலைத் தொடர்ந்து இத்தாலியும் அமெரிக்காவும் பகை நாடுகளாயின. அந்நாட்களிலேயே இத்தாலிய வாயிலின் கண்ணாடி பலகைகளால் மூடப்பட்டது. அண்டை வாயிலின் இளைஞன் மூடப்படவில்லை. இன்றும் அங்கேயே இருக்கிறான். என் கருத்தில், மூடப்பட்டது உருவமன்று, வாசகமே. உருவம் எந்த முதலாளிக்கும் ஊழியஞ் செய்ய வல்லதாயிருந்தது. சொல்லோ தன் எசமானின் பெயரைக் காட்டிக்கொடுத்தது. பனிக்கும் வெயிலுக்கும் அஞ்சாத கண்ணாடிக்கு, அதனில் எழுதிய மொழியே பலவீனமான இடமாயிற்று. கட்புலக் கலையை ஆராய்வோர் வாசகங்களை வெறும் அலங்காரமெனத் தள்ளிவிடுவது வழக்கம். இவ்வுதாரணம் அவர்களைச் சற்று நின்று சிந்திக்க வைக்கவேண்டும்.

ரிவேராவின் சுவரை உடைத்த கரங்களும் பிச்சிரில்லியின் கண்ணாடியை மூடிய கரங்களும் ஒரே நிர்வாகத்தின் ஆணைக்குட்பட்டவை. முன்னையதில் லெனின்; பின்னையதில் முசோலினியின் இளமை. இவ்விரண்டையும் சமப்படுத்துவது நம் நோக்கமன்று. ஒருவன் தன் சுவருக்கு உரியவரின் விருப்பை மறுத்து வரைந்தான். மற்றவன் உரியவர் விரும்பியதையே வார்த்துக் கொடுத்தான். உரியவரின் தேவை மாறியபோது இணங்கியவனின் ஆக்கத்துக்கும் பாதுகாப்பிருக்கவில்லை என்பதே கவனிக்கத்தக்கது. ரிவேரா தன் ஓவியத்தை 1934இலேயே மெக்சிக்கோ நகரின் நுண்கலை மாளிகையில் மீள வரைந்தார். அது இன்றும் உளது. உடைபட்ட சாந்து இன்னொரு நாட்டில் மறுபிறப்பெடுத்தது. உறுதிமிக்க கண்ணாடிக்கு அப்பேறு வாய்க்கவில்லை.

1965இல் அவ்வாயிலில் ஜாக்கொமோ மன்சூவின் வெண்கலப் புடைப்புகள் இடம்பெற்றன. பெர்கமோ நகரச் செருப்புத் தொழிலாளி ஒருவரின் மகனும், லெனின் சமாதானப் பரிசு பெற்றவருமான மன்சூ, திராட்சைக் கொடியையும் கோதுமைக் கதிர்களையும் வடித்தார். கூடவே, இத்தாலியிலிருந்து புலம்பெயர்ந்த ஏழைத் தாயொருத்தியையும் குழந்தையையும் வடித்தார். முப்பதாண்டுக்கு முன் பிச்சிரில்லி வார்த்த தொழிலாளிக்குப் பதிலாக, பிச்சிரில்லியின் தாயைப் போன்ற ஒருத்தி அங்கு வந்து சேர்ந்தாள்.

5

இவ்வாய்வை முதலாளித்துவத்தின் எல்லைக்குள்ளேயே நிறுத்திக்கொள்வது வசதியானது. எனினும் வார்ப்புக் கண்ணாடியின் பிற்கால வரலாறு அதற்கு இடந்தரவில்லை. இக்கலையை அதன் உச்சத்துக்குக் கொண்டுசென்றோர் சோஷலிச செக்கோஸ்லோவாக்கியாவின் ஸ்தானிஸ்லாவ் லிபென்ஸ்கியும் யாரொஸ்லாவா பிரிக்தோவாவும் ஆவர். உலைகளும் பயிற்சிக்கூடங்களும் அரச ஆதரவிலேயே அவர்களுக்குக் கிடைத்தன. தனிச்சந்தை அத்தகைய பாரிய பரிசோதனைகளைத் தாங்கியிராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். யப்பானின் ஒசாகா நகரில் 1970இல் நடந்த உலகக் கண்காட்சியில் அவர்களின் 'வாழ்வின் நதி' வைக்கப்பட்டது. ஏறத்தாழ 22 மீற்றர் நீளமான அக்கண்ணாடி நதி ஓரிடத்திற் பனிக்கட்டியாக உறைந்திருந்தது. உறைந்த பனியின் மீது படைவீரரின் சப்பாத்துச் சுவடுகள் பதிந்திருந்தன. 1968 ஓகஸ்தில் பிராக் நகருள் வார்சோ ஒப்பந்தப் படைகள் புகுந்து இரண்டாண்டும் நிறைந்திராத காலம் அது. நாட்டு அதிகாரிகள் அச்சுவடுகளைக் கண்டுகொண்டதும் அவற்றை அகற்றுமாறு பணித்தனர், அவை அகற்றப்பட்டன.

ரிவேராவின் சுவருக்காகக் குரலெழுப்பிய மார்க்சிய விமரிசகர் பலர் ஒசாகாவைப் பற்றி எழுதாது விட்டனர். 1934இன் கொத்துக்கருவியைச் சொத்துடைமையால் விளக்கிய நமது முறையியல், 1970இன் அழிப்பை விளக்குவதற்கு, உற்பத்திச் சாதனங்கள் எவருக்கு உரியன என்ற வினாவுடன் நில்லாது, அவ்வுடைமையின் பெயரால் ஆணையிடும் அதிகாரம் எவர் கையில் உள்ளது என்ற வினாவையும் எழுப்பியாக வேண்டும். ஒசாகாவில் அவ்வாணையை இட்டவர்கள், உழைக்கும் வர்க்கத்தின் பெயராலேயே ஆட்சி நடத்தியவர்கள்.